உள்ளூர்ச் செய்தி ஆசிரியராகத் தொடங்குவோருக்கு: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கான ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு பிரதேசப் பத்திரிகையின் அல்லது செய்தித்தளத்தின் ஆசிரியர் பொறுப்பை ஏற்பவர், தாம் யாரைப் பற்றிச் செய்தி வெளியிடுகிறாரோ அவர்கள் நடுவிலேயே வாழ வேண்டியவர். பிரதேச சபைத் தவிசாளரை அவர் கோயில் வீதியில் சந்திப்பார். நேற்றைய நீதிமன்றச் செய்தியில் பெயர் வந்தவரின் தாயார் அடுத்த தெருவில் இருப்பார். பாலத்தைக் கட்டிய ஒப்பந்தகாரர் மைத்துனரின் நண்பராக இருப்பார். கொழும்பில் அச்சாகும் நாளிதழின் ஆசிரியருக்கு இந்த நெருக்கம் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. இதைத் தொழிலுக்குத் தடையாகக் கருதுவோர் பலர் உள்ளனர். என் கருத்து வேறு. வெளியிட்ட ஒவ்வொரு வரிக்கும் மறுநாள் காலையிலேயே சந்தையில் வைத்துப் பதில் சொல்ல வேண்டியிருப்பதுதான் உள்ளூர் ஆசிரியரைக் கவனமுள்ளவராக ஆக்குகிறது. அந்தப் பதிலைச் சொல்லக்கூடிய நிலையில் தம்மை எப்போதும் வைத்துக்கொள்வதே இத்தொழிலின் பெரும்பகுதி. எழுதத் தெரிந்து, ஆசிரியர் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்காகப் பின்வரும் படிமுறைகளை எழுதுகிறேன்.

முதற்படி: நிலத்தையும் நிர்வாகத்தையும் படித்தல்

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலாளர் பிரிவுகளும் அம்பாறை மாவட்டத்தில் 20 பிரிவுகளும் உள்ளன. இவற்றின் எல்லைகளை ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு பிரிவும் எந்த உள்ளூராட்சி மன்றத்திற்கு, எந்தப் பொலிஸ் நிலையத்திற்கு, எந்த நீதவான் நீதிமன்றத்திற்கு, எந்த வலயக் கல்வி அலுவலகத்திற்கு, எந்தக் கமநல சேவை நிலையத்திற்கு உட்பட்டது என்பதை ஒரு பதிவேட்டில் எழுதுவதே முதல் வேலை. பிரதேச செயலகம் அரச நிர்வாகத்தின் அங்கம் என்பதும், பிரதேச சபை மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த மன்றம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை போலத் தோன்றும். ஆயினும் ஒன்றுக்குரிய பொறுப்பை மற்றொன்றின் மேல் ஏற்றிய செய்திகள் அடிக்கடி வெளிவருகின்றன. பழுதடைந்த ஒரு வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியதாக இருக்கலாம், மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திற்கு உரியதாக இருக்கலாம், பிரதேச சபைக்கே உரியதாகவும் இருக்கலாம். ஆசிரியர் தவறான அலுவலகத்தைக் குறிப்பிட்டால், உண்மையில் பொறுப்புள்ள அலுவலகம் பேசாமல் இருந்துவிடும்; குழியும் அப்படியே இருக்கும். குளங்களின் கதையும் இதுவே. உன்னிச்சை, நவகிரி போன்ற பெருங்குளங்களை நீர்ப்பாசனத் திணைக்களம் பார்க்கிறது. சிறு குளங்கள் பல கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் உள்ளன. அணைக்கட்டு உடைந்த இரவில் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்பது அன்றிரவு தேடிக் கண்டுபிடிக்கும் விடயமாக இருக்கக் கூடாது.

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையும் மேற்கே படுவான்கரையும் உள்ளன. அலுவலகங்களும் ஊடகவியலாளர்களும் பெரும்பாலும் எழுவான்கரையில் இருப்பதால், வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்துச் செய்திகள் யானை தாக்கி ஒருவர் இறந்த பின்னரே பக்கத்தில் ஏறுகின்றன. புதிய ஆசிரியர் இதை வேண்டுமென்றே திருத்த வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது மண்முனைப் பாலத்தைக் கடந்தோ, குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் படகுப்பாதையில் ஏறியோ மறுகரைக்குச் சென்று, தேநீர்க் கடையில் இருந்து, வயல்களின் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையுடனும் பாடசாலை அதிபருடனும் பேசி வருவதைக் கடமையாக்கிக்கொள்ளுங்கள். அம்பாறை மாவட்டத்திலும் இதேபோன்ற ஒரு பிளவு உண்டு. கரையோரத்தில் தமிழ், முஸ்லிம் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்திருக்க, உள்நாட்டில் உகன, தமன, மகாஓயா, தெஹியத்தகண்டிய போன்ற சிங்களப் பிரிவுகள் உள்ளன. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து திறக்கப்படும் நீரே கீழே சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வயல்களுக்கும் வருகிறது. எனவே மேற்கில் எடுக்கப்படும் ஒரு நீர்த் தீர்மானம் கிழக்கில் அறுவடைச் செய்தியாகிறது. கரையோரத்து ஆசிரியர் அம்பாறை நகரத்துக் கூட்டங்களைத் தவறவிடக் கூடாது. அதற்காகவே சிங்களம் கற்க வேண்டும். பேச்சு மொழியளவிலாவது சிங்களம் தெரியாத ஆசிரியர், பொலிஸ் அறிக்கையையும் திணைக்களச் சுற்றறிக்கையையும் பிறர் மொழிபெயர்த்துத் தரும்வரை காத்திருப்பவராகவே இருப்பார்.

இரண்டாம் படி: நிருபராக ஓராண்டு

நேரடியாக ஆசிரியர் மேசையில் அமர வாய்ப்புக் கிடைத்தாலும் அதை ஓராண்டு தள்ளிப்போடுங்கள் என்பதே என் ஆலோசனை. முறையான கல்வி வேண்டுவோருக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலுள்ள தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடமும், 2004 இல் தொடங்கப்பட்ட இலங்கை இதழியல் கல்லூரியும் உள்ளன. இவை மொழியையும் முறையையும் தரும். ஆனால் மாதாந்த சபை அமர்வில் மூன்று மணித்தியாலம் உட்கார்ந்து, தீர்மானம் எந்தக் கணத்தில் உண்மையில் எடுக்கப்படுகிறது என்று கண்டறிவதை வகுப்பறை தராது.

அந்த ஓராண்டில் சபை அமர்வுகள், நீதவான் நீதிமன்றத்தின் திறந்த அமர்வுகள், மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்கள், விவசாயிகளின் போக ஆரம்பக் கூட்டங்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்கள் ஆகியவற்றிற்குத் தவறாமல் செல்லுங்கள். செய்தி கிடைக்காத நாளிலும் செல்லுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் படம் எடுத்துக்கொண்டு புறப்படுபவரை அலுவலகச் சிற்றூழியர்கூட நினைவில் வைத்திருப்பதில்லை. கடைசிவரை இருந்து ஆவணத்தின் பிரதியைக் கேட்டு வாங்குபவரை அனைவரும் நினைவில் வைத்திருப்பர். அரசாங்கத் தகவல் திணைக்களம் வழங்கும் ஊடக அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பதும் இக்காலத்தில் செய்ய வேண்டிய வேலையே.

மூன்றாம் படி: ஆண்டுக்குரிய நாட்காட்டி

உள்ளூர்ச் செய்தியில் எதிர்பாராத சம்பவங்களைவிட எதிர்பார்க்கக்கூடியவையே அதிகம். புரட்டாதி, ஐப்பசியில் பெரும்போகத்திற்கான ஆரம்பக் கூட்டங்கள் நடைபெறும். விதைப்புத் திகதி, நீர் விநியோகம், கால்நடைகளை வயல்வெளியிலிருந்து அகற்றும் திகதி ஆகியவை அங்கேதான் தீர்மானிக்கப்படுகின்றன. கால்நடைகளை எங்கே கொண்டு செல்வது என்ற கேள்வி பண்ணையாளர்களின் மேய்ச்சல் நிலத்தில் வெளியார் பயிர்செய்வது பற்றிய மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைப் பிரச்சினையோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால், அந்தக் கூட்டத்தை ஒரு வழக்கமான நிகழ்வாகக் கருதி நான்கு வரியில் முடிப்பது பெரும் இழப்பு. கார்த்திகை முதல் தை வரை வெள்ளம், வெள்ளம் வடிய ஆற்றுவாயை (வாவி கடலில் சேரும் இடத்து மணல் திட்டை) வெட்டுவதா வேண்டாமா என்ற விவசாயிகள், மீனவர்களின் மாறுபட்ட கோரிக்கைகள், உள்ளூராட்சி மன்றங்களின் வரவு செலவுத் திட்ட வாக்கெடுப்புகள் என எல்லாம் ஒரே நேரத்தில் வரும். மாசி, பங்குனியில் நெல்லின் விலை. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களின் சடங்கும் திருக்குளிர்த்தியும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கமும் திருக்கோவிலும். உகந்தை வழியாகக் குமண காட்டுக்குள் நுழையும் கதிர்காமப் பாதயாத்திரையும் கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றமும் ஆண்டுதோறும் வருபவையே. இவை அனைத்தையும் முற்கூட்டியே குறித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிவைத்தால், நிகழ்வு நாளில் உரைகளை மட்டும் தொகுத்து வெளியிடும் நிலை ஏற்படாது.

நான்காம் படி: உறுதிப்படுத்தல்

இப்பகுதியை மற்றவற்றைவிட விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான உணவகத்தில், கறியில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, அது கருத்தடை மாத்திரை என்று வாடிக்கையாளர் ஒருவர் குற்றஞ்சாட்டினார். சிங்களம் அவ்வளவாகத் தெரியாத காசாளர் தடுமாறிச் சொன்ன பதில் ஒப்புதலாகப் படம்பிடிக்கப்பட்டு முகநூலில் பரவியது. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் அந்தக் கட்டியைப் பரிசோதித்து, அது வெறும் மாவுப்பொருள் என்றும் அதில் கருத்தடை மருந்து எதுவும் இல்லை என்றும் அறிவித்தது. உணவில் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவத்திலேயே இல்லை. இதை அறிய அன்றிரவு ஒரு மருத்துவருக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதுமாக இருந்தது. அப்படியான ஓர் இரவு உங்கள் பணிக்காலத்தில் எப்போதாவது வரும் என்று எண்ணியே இத்தொழிலுக்கு ஆயத்தமாக வேண்டும்.

எனவே ஒரு தகவல் வட்ஸ்அப் குழுவில் வந்தவுடன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். இதை முதலில் அனுப்பியவர் சம்பவத்தை நேரில் கண்டவரா, கேள்விப்பட்டவரா என்று பின்னோக்கித் தேடிச் செல்லுங்கள். படமோ காணொளியோ எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று பாருங்கள். கடைப் பெயர்ப்பலகை, வாகன இலக்கம், மழையா வெயிலா என்பவற்றைக் கொண்டே பழைய காணொளிகள் பலவற்றை இனங்காணலாம். அதன் பின்னர், சம்பவத்தில் அக்கறை உள்ளவராகவும் பதவியால் பொறுப்புக் கூற வேண்டியவராகவும் இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள்: நிலையப் பொறுப்பதிகாரி, கிராம உத்தியோகத்தர், வைத்திய அத்தியட்சகர், திடீர் மரண விசாரணை அதிகாரி. மூன்று குழுக்களில் ஒரே செய்தி வந்திருப்பது மூன்று சாட்சிகள் ஆகாது, ஏனெனில் மூன்றும் ஒரே இடத்திலிருந்து பிரதி செய்யப்பட்டிருக்கக்கூடும்.

அனர்த்தக் காலத்தில் இவ்விதி மேலும் இறுக்கமாக வேண்டும். 2024 நவம்பர் 26 ஆம் திகதி காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்டு உயிர்கள் பலியான துயரத்தை அம்பாறையில் அறியாதவர் இல்லை. இப்படியான நேரத்தில் பெற்றோர் தங்கள் பிள்ளையைப் பற்றி முதலில் வாசிப்பது நீங்கள் எழுதிய வரியாக இருக்கலாம். எண்ணிக்கையை எழுதும்போது அதை யார் சொன்னார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குடும்பத்தினருக்கு அறிவிக்கப்படும் முன்னர் பெயரை வெளியிடாதீர்கள். மீட்கப்பட்ட உடலின் படத்தை எந்தச் சூழ்நிலையிலும் வெளியிடாதீர்கள். ஒவ்வொரு வெள்ளச் செய்தியின் கீழும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை இடுவதும், ‘சுனாமி வருகிறது’ போன்ற அறிவிப்புகளை வளிமண்டலவியல் திணைக்களத்திடமோ அந்நிலையத்திடமோ கேட்காமல் மீளப் பரப்பாதிருப்பதும் எழுதப்படாத சட்டமாக இருக்கட்டும். 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி உண்மையான எச்சரிக்கை விடுக்கப்பட்டு, மக்கள் கரையை விட்டு ஓடி, அன்றே எச்சரிக்கை விலக்கப்பட்டது. விலக்கப்பட்ட செய்தியையும் எச்சரிக்கை பரவிய அதே வேகத்தில் கொண்டு செல்லும் பொறுப்பு ஆசிரியருக்கு உண்டு. நேரம் குறிக்கப்படாத எச்சரிக்கை பல மணித்தியாலங்களுக்குப் பின்னரும் மக்களைத் தொடர்ந்து ஓட வைக்கும்.

ஐந்தாம் படி: சமூகங்களுக்கிடையே ஒரே அளவுகோல்

1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு செப்டம்பர் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் கொல்லப்பட்டன. இரு நினைவு நாள்களும் ஒவ்வோராண்டும் அனுஷ்டிக்கப்படுகின்றன; இரண்டுக்கும் இடையே சில கிலோமீற்றரும் சில வாரங்களுமே தூரம். ஓர் ஆசிரியர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராயினும் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில், ஒரே இடவளவில், ஒரே கவனத்தோடு வெளியிடுகிறாரா என்பதைக் கொண்டே இரு சமூகத்து வாசகர்களும் அவரை எடைபோடுகின்றனர். ஒன்றுக்கு முழுப் பக்கமும் மற்றொன்றுக்கு ஒரு மூலையும் கொடுப்பவர், ஏனைய 363 நாட்களும் எவ்வளவு நடுநிலையாக இருந்தாலும் அந்த நம்பிக்கையைப் பெறமாட்டார்.

அன்றாடச் செய்தியில் இதற்கான நடைமுறை எளியது. திருட்டு, விபத்து, போதைப்பொருள் கைது போன்றவற்றில் சந்தேக நபரின் இனத்தையோ மதத்தையோ எழுதாதீர்கள். இரு ஊர்களுக்கிடையிலான எல்லைத் தகராறாயின் இரு ஊரிலும் நிருபர் இருக்க வேண்டும். ஏறாவூர்ச் செய்தியைச் செங்கலடி நிருபரிடமும் செங்கலடிச் செய்தியை ஏறாவூர் நிருபரிடமும் ஒருமுறை காட்டிவிட்டு வெளியிடும் வழக்கம் பல தவறுகளைத் தடுக்கும். தரமுயர்த்துவது பற்றித் தமிழ், முஸ்லிம் தரப்புகள் முரண்படும் கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரம் போன்று, அலுவலகத்தை எந்தப் பெயரால் குறிப்பிடுவது என்பதே ஒரு தரப்பைச் சார்வதாகத் தோன்றும் இடங்கள் உண்டு; அங்கே அரச ஆவணம் பயன்படுத்தும் பெயரை எழுதி, இரு தரப்பின் கோரிக்கையையும் அவர்களது வார்த்தைகளிலேயே கொடுப்பது போதுமானது. ஆசிரியர் தம் கருத்தைச் சொல்ல விரும்பினால் ஆசிரியத் தலையங்கம் இருக்கிறது. அதைச் செய்தியின் உள்ளே ஒளித்து வைக்க வேண்டாம்.

ஆறாம் படி: நீதிமன்றம், மரணம், சிறுவர்

கைதானவர் சந்தேக நபர். குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்ட பின் எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர். தீர்ப்பின் பின்னரே குற்றவாளி. தலைப்பில் இடம் போதவில்லை என்பதற்காக இந்த வரிசையை மாற்றிவிடக் கூடாது. விளக்கமறியலில் வைக்கப்பட்ட செய்தியை வெளியிட்டால், விடுவிக்கப்பட்ட செய்தியையும் அதே இடத்தில் வெளியிட வேண்டும். இதற்கென ஒரு வழக்குப் பதிவேட்டை வைத்து, அடுத்த தவணைத் திகதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தண்டனைச் சட்டக்கோவை தடைசெய்கிறது. சிறிய ஊரில் பெயரை மறைப்பது மட்டும் போதாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: பாடசாலையின் பெயரும் தந்தையின் தொழிலும் வயதும் சேர்ந்தால், ஊர் முழுவதற்கும் அந்தப் பிள்ளை யார் என்று தெரிந்துவிடும்.

தன்னுயிரை மாய்த்தோர் பற்றிய செய்தியில் முறையையும் இடத்தையும் விவரிக்காதீர்கள், ஒரே காரணத்தை முடிவாகச் சொல்லாதீர்கள், முதற்பக்கத்தில் இடாதீர்கள், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவி இலக்கத்தைச் சேர்த்துவிடுங்கள். நுண்கடன் சுமையால் நெருக்கடிக்குள்ளான குடும்பங்கள் கிழக்கில் பல உள்ளன. அதைப் பற்றி எழுத வேண்டுமாயின் இறந்த பெண்ணின் வீட்டு வாசலில் நின்று எழுதுவதைவிட, வட்டி வீதம், வாராந்த வசூல் முறை, கடன் பத்திரத்தின் மொழி ஆகியவற்றை ஆராய்ந்து எழுதுவதே அவருக்குச் செய்யும் நீதி என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

ஏழாம் படி: ஆவணங்களைக் கேட்டுப் பெறுதல்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. உள்ளூர் ஆசிரியருக்கு இதைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை. எனினும் பயன்படுத்துவோர் குறைவு. எந்தப் பிரசையும் காரணம் கூறாமலே தகவலைக் கோரலாம். கோரிக்கையைத் தகவல் உத்தியோகத்தரிடம் கையளித்து, கிடைத்தமைக்கான எழுத்துமூல அத்தாட்சியைப் பெற்றுக்கொள்ளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் வழங்குவதா மறுப்பதா என்ற தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு செய்யலாம். அதிலும் திருப்தியில்லையெனில் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் செல்லலாம். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலாயின் 48 மணித்தியாலத்திற்குள் பதில் தர வேண்டும்.

வெற்றி கேள்வியின் வடிவத்தில் தங்கியுள்ளது. ‘இந்த வீதியில் ஏன் ஊழல் நடந்தது’ என்று கேட்டால் எந்த அலுவலகத்திடமும் அதற்குரிய ஆவணம் இராது. ‘இந்த வீதிக்கான மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தம் வழங்கப்பட்ட திகதி, இதுவரை செலுத்தப்பட்ட கொடுப்பனவுகள், தரப் பரிசோதனை அறிக்கையின் பிரதி’ என்று கேட்டால் நான்குக்கும் கோப்பு உண்டு. ஒரு விண்ணப்பத்தில் ஒரு விடயத்தை மட்டும் கேளுங்கள். சிறிய செய்தியறையாக இருந்தாலும் மாதத்திற்கு ஒரு விண்ணப்பம் என்று தொடங்கினால், ஆண்டின் இறுதியில் வேறு எவரிடமும் இல்லாத ஆவணங்கள் உங்கள் அலுமாரியில் இருக்கும்.

எட்டாம் படி: சட்டமும் பாதுகாப்பும்

அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை பேச்சு, வெளியீட்டுச் சுதந்திரத்தைத் தருகிறது. குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002 இல் நீக்கப்பட்டது. குடியியல் மானநட்ட வழக்கு இன்னும் தொடரப்படலாம். 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் பரப்பப்படும் சில வகைப் பொய்க்கூற்றுகளைக் குற்றமாக்குகிறது. வாசகர் பின்னூட்டங்களைத் திறந்து வைக்கும் செய்தித்தளத்தின் ஆசிரியர் இவ்விரண்டையும் மூலத்திலேயே வாசித்திருக்க வேண்டும். உங்கள் ஊரில் ஒரு சட்டத்தரணியிடம் முன்கூட்டியே பேசி, சிக்கலான செய்தியை வெளியிடும் முன் அவருக்குக் காட்டும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள்.

மட்டக்களப்பின் ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 ஆம் திகதி மட்டக்களப்பு நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். மட்டக்களப்பில் பிறந்த தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28 ஆம் திகதி கொழும்பில் கடத்தப்பட்டு மறுநாள் சடலமாகக் கண்டெடுக்கப்பட்டார். இவர்கள் நின்ற நிலத்தில் நாம் தொழில் செய்கிறோம் என்பதால் பாதுகாப்பை அலட்சியமாகப் பேச முடியாது. மணல் அகழ்வு, காணி அபகரிப்பு, மரக்கடத்தல் போன்றவற்றிற்குத் தனியாக எவரையும் அனுப்ப வேண்டாம். செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் செய்தியறையில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மூலங்களின் பெயரைக் கைபேசியில் முழுமையாகப் பதிய வேண்டாம். விசாரணைக்கு அழைப்பு வந்தால் எழுத்தில் கேளுங்கள்; சட்டத்தரணியுடன் செல்லுங்கள்; சென்ற விடயத்தை ஊடகவியலாளர் சங்கத்திற்கு அறிவியுங்கள். பெண் நிருபர்களுக்கு இரவில் வீடு திரும்பும் போக்குவரத்தை ஒழுங்குசெய்வது ஆசிரியரின் கடமை. அதைச் செய்ய இயலாவிட்டால் அந்த வேலையை மாலையில் கொடுக்கக் கூடாது.

ஒன்பதாம் படி: பணம்

பிரதேச நிருபர்களில் மிகப் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. வெளியான செய்திக்கு இவ்வளவு, படத்திற்கு இவ்வளவு என்ற கணக்கே உண்டு. ஆகவே இத்தொழிலுக்கு வருபவர்கள் பெரும்பாலும் கற்பித்தல், அலுவலக உத்தியோகம், கடை என்று இன்னொரு வருமானத்தையும் வைத்திருக்கின்றனர். அரச சேவையில் உள்ளோர் ஊடகத்தில் எழுதுவது தொடர்பாகத் தாபன விதிக்கோவையில் கட்டுப்பாடுகள் உண்டு. அதை வாசிக்காமல் பொறுப்பேற்க வேண்டாம். ஊடக சந்திப்பின் முடிவில் கொடுக்கப்படும் கடித உறையை எவ்வளவு சிறியதாயினும் வாங்க வேண்டாம், உங்கள் நிருபர்களும் வாங்கக் கூடாது. அப்படிச் சொல்லும் ஆசிரியர், அவர்களுடைய எரிபொருட் செலவையாவது உரிய நாளில் கொடுப்பவராக இருக்க வேண்டும்.

வருமானத்தில் மரண அறிவித்தல், நினைவஞ்சலி, தனியார் வகுப்புகளின் விளம்பரம், புலம்பெயர்ந்தோரின் ஆதரவு ஆகியவை முக்கியமானவை. மரண அறிவித்தலைச் சாதாரண விளம்பரமாகக் கருதி ஒப்புநோக்காமல் விடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஒரு குடும்பம் பல தலைமுறைக்குச் சட்டமிட்டு வைத்திருக்கப்போகும் ஒரே அச்சுப் பக்கம் அதுவாக இருக்கலாம்; பெயர்களையும் உறவுமுறைகளையும் குடும்பத்தவரிடம் வாசித்துக் காட்டிய பின்னரே அச்சுக்கு அனுப்புங்கள். விளம்பரதாரர் ஒருவரைப் பற்றிய பாதகமான செய்தி வரும் நாள் நிச்சயம் வரும். எந்தத் தனி விளம்பரதாரரின் பங்கும் அவரை இழந்தால் நிறுவனம் நின்றுவிடும் அளவுக்கு உயராமல் பார்த்துக்கொள்வதே அதற்கான ஒரே ஆயத்தம்.

பத்தாம் படி: ஊரோடு வாழ்தல்

ஆசிரியர் ஊரை விட்டு விலகி வாழ வேண்டும் என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. மரண வீட்டிற்குப் போங்கள், திருமணத்திற்குப் போங்கள், நோன்பு திறக்கும் நிகழ்வுக்கும் பொங்கலுக்கும் போங்கள். அங்கே கேட்டவற்றை, சொன்னவரின் அனுமதியின்றிச் செய்தியாக்காதீர்கள். கொடுப்பதிலும் பங்கெடுங்கள்: இரத்ததான முகாம், நூலகக் குழு, வெள்ளக் காலத்துச் சமைத்த உணவு. பதவிகளில் மட்டும் கவனமாக இருங்கள். கோயில் பரிபாலன சபைச் செயலாளர், பள்ளிவாசல் நிர்வாகி, விளையாட்டுக் கழகத் தலைவர், கூட்டுறவுச் சங்கப் பணிப்பாளர் ஆகிய பதவிகள் தேடி வரும், ஏனெனில் ஆசிரியரைத் தம்மோடு வைத்திருப்பதில் எல்லோருக்கும் பயன் உண்டு. கிழக்கில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரின் தெரிவு குடிவழியோடு, அதாவது தாய்வழிக் குலத்தோடு பிணைந்திருப்பதால், நீங்கள் பதவி ஏற்காவிட்டாலும் உங்கள் குடியைக் கொண்டே உங்களை ஒரு பக்கத்தில் சேர்ப்பார்கள். அத்தகைய தகராற்றை வேறொரு உதவி ஆசிரியரிடம் முழுமையாக ஒப்படைத்து, அதை வாசகர் அறியச் செய்தியின் அடியில் குறிப்பிட்டும் விடுங்கள்.

உறவினரிடமிருந்து வரும் ‘இதைப் போட வேண்டாம்’ என்ற கோரிக்கையே உள்ளூர் ஆசிரியருக்கு மிகக் கடினமானது. ‘தம்பி, நம்மட பிள்ளைதானே’ என்று ஒரு மூத்தவர் வீட்டுக்கு வந்து சொல்லும்போது சட்டத்தைப் பேசுவது பயன் தராது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விதியை முன்னரே எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருந்தால், அதைக் காட்டி மரியாதையுடன் மறுக்க முடியும். எந்த வகை வழக்கில் பெயர் வரும், எந்த வகையில் வராது, எந்த வயதுக்குக் கீழ் அறவே வராது என்பவற்றை அதில் எழுதுங்கள். அந்த விதியை அரசியல்வாதியின் மகனுக்கும் கூலித்தொழிலாளியின் மகனுக்கும் ஒன்றாகவே நடைமுறைப்படுத்தியதை ஊர் பார்த்திருந்தால், அந்த மூத்தவர் வருத்தத்துடன் எழுந்து போவார்; பகையுடன் போகமாட்டார்.

பதினோராம் படி: திருத்தமும் ஆவணக் காப்பும்

பிழை சுட்டிக்காட்டப்பட்டால் 24 மணித்தியாலத்திற்குள் சரிபார்த்து, பிழையென்றால் மூலச் செய்தி வந்த அதே பக்கத்தில் திருத்தத்தை இடுங்கள். இணையத்தில் சத்தமின்றி மாற்றாதீர்கள். எது மாற்றப்பட்டது, எப்போது என்பதை அடியில் எழுதுங்கள். பத்திரிகையின் மீது வாசகர் முறையிட விரும்பினால் 2003 இல் அமைக்கப்பட்ட இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவை அணுகலாம் என்பதை அவருக்கு நீங்களே சொல்லுங்கள்.

1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியும் 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக் கடற்கோளும் இக்கரையில் உயிர்களோடு வீட்டுக் கடதாசிகளையும் கொண்டுபோயின. எனவே இதழ்களின் ஒரு பிரதியை அலுவலகத்தின் உயரமான தட்டிலும், இன்னொன்றைப் பொது நூலகத்திலும், எண்ணிமப் பிரதியை வேறு மாவட்டத்தில் இருக்கும் ஒரு நம்பிக்கையானவரிடமும் வையுங்கள். 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனத்திற்கும் ஒரு தொகுதியைக் கொடுக்கலாம். படங்களின் பின்புறத்தில் இடம், திகதி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதுங்கள். தொடர்புப் பதிவேடு, வழக்குப் பதிவேடு, பதில் வராத தகவல் கோரிக்கைகளின் பட்டியல், செய்தித்தளத்தின் கடவுச்சொற்கள் ஆகியவை எங்கே இருக்கின்றன என்பதை உங்களைத் தவிர இன்னும் ஒருவர் அறிந்திருக்க வேண்டும். உதவி ஆசிரியரோடு மாதத்தில் ஒரு தடவை அமர்ந்து அவற்றைப் புதுப்பித்து, திகதியிட்டு, இருவரும் கையொப்பமிடுங்கள்.